பதினோரு நாள் மௌனம்

அமைதி மேடத்துக்கு முப்பத்தேழு என்ற எண் ஆகாது. முப்பத்தேழாம் எண் பேருந்து காலியாக வந்து நின்றாலும் ஏற மாட்டார். அடுத்ததில் நெரிசலில் நசுங்கிக்கொண்டு போவார். மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் கணவர், "உனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட சிக்கல்தான். உடம்புச் சூடு செல்சியஸ் கணக்குல முப்பத்தாறுலேருந்து நேரா முப்பத்தெட்டுக்கு எகிறிக் குதிக்கணும்" என்று கிண்டல் செய்வார். மேடம் சிரிப்பார். சிரித்துவிட்டு சமையலறைக்குப் போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். ஆள் பேச்சு கேட்காத வீட்டில் ஐந்து நிமிடம்கூட அவரால் இருக்க முடியாது.

சகுனம், ராசி பார்க்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் கிடையாது. பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. 'அன்றாட அகிம்சை' என்று ஒரு வகுப்பை ஒற்றை ஆளாக ஆரம்பித்துப் பதினைந்து வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறார். அகிம்சை என்றால் துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டுவது என்று நினைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம், "அதெல்லாம் அப்புறம். அறையில கூட இருக்கறவனோட சோப்பை எடுத்துட்டு எடுக்கலைன்னு சொல்றியே, மொதல்ல அதை விடு" என்பார். வரிசையில் எப்படி நிற்பது, கடன் கொடுத்த புத்தகத்தை எப்படித் திருப்பிக் கேட்பது, கோபம் வந்தால் கதவை எப்படிச் சாத்துவது, இதுதான் பாடம். அமைதி மேடம் என்று பேர் வைத்தது பிள்ளைகள்தான். கேலியாக ஆரம்பித்தது, மரியாதையாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவருடைய வருகைப் பதிவேட்டில் முப்பத்தாறுக்கு அடுத்தது முப்பத்தெட்டு. எந்த வருடமும் அந்த இடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. ஏதோ அச்சுப் பிழை போலிருக்கிறது என்று பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளைகள் 'உள்ளேன்' என்று பதில் சொல்ல வேண்டும். முப்பத்தாறு, உள்ளேன். முப்பத்தெட்டு, உள்ளேன். இந்த இரண்டுக்கும் நடுவில் மேடத்தின் காதில் மட்டும் இன்னொரு உள்ளேன் விழும். லேசாகக் கரகரத்த இளம் குரல். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மின்விசிறியை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போதும் விழும். மேடம் திரும்பிப் பார்க்க மாட்டார். பார்த்தால் கடைசி பெஞ்சில் அவன் இருப்பான் என்று பயம். இல்லாவிட்டால் அதைவிடப் பயம்.

யார் இவன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் மௌன நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அகிம்சை வகுப்பில் தண்டனை கிடையாது. ஆனால் தண்டனையே இல்லாமல் நாற்பது இளவட்டங்களை எப்படிக் கட்டி மேய்ப்பது? அதற்கு மேடம் கண்டுபிடித்த வழிதான் மௌன நாள். ஒருவர் இன்னொருவரைப் புண்படுத்திவிட்டால், வகுப்பே கூடிப் பேசி, ஒரு நாள் முழுக்க அவரோடு யாரும் பேசுவதில்லை என்று முடிவெடுக்கும். திட்டு இல்லை, அடி இல்லை, அபராதம் இல்லை. ஆள் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொள்ள வேண்டியது. மறுநாள் காலை மேடம் அவரைப் பார்த்து 'வா' என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், எல்லோரும் பழையபடி பேச ஆரம்பித்துவிடுவார்கள். மேடம் 'வா' சொல்லும் வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, முப்பத்தேழாம் எண் மாணவனுக்கு மௌன நாள் விழுந்தது. நல்ல பையன்தான், ஆனால் வாய்த்துடுக்கு. திக்கித் திக்கிப் பேசும் ஒரு பெண்ணுக்கு 'ரிப்பீட்டு' என்று பட்டப்பேர் வைத்துவிட்டான். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். வகுப்பு முடிவெடுத்தது. அவனும் தலையைக் குனிந்து ஒத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை மேடம் அரக்கப் பரக்க வந்தார். மத்தியானம் ரயில். வேறொரு ஊரில் கருத்தரங்கு. மௌன நாள் என்ற தன்னுடைய முறையைப் பற்றித்தான் பேசப் போகிறார், வேறென்ன! வகுப்பு முடியும்போது 'வா' சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, பதிவேட்டை எடுத்துக் கூப்பிட்டார். கட்டுப்பாடு தனக்கும் உண்டு அல்லவா, அதனால் முப்பத்தாறு சொன்னவர் அடுத்ததாக முப்பத்தெட்டு என்றார். கடைசி பெஞ்சிலிருந்து அவனாகவே எழுந்து நின்று "உள்ளேன்" என்றான். மேடம் நிமிரவில்லை. "முப்பத்தெட்டு" என்று இன்னொரு முறை சொன்னார். வகுப்பில் ரெண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போது கருத்தரங்குக்காரர்களிடமிருந்து போன் வந்தது, வண்டி வாசலில் நிற்கிறதாம். மேடம் பையை அள்ளிக்கொண்டு ஓடினார்.

ஓடினவர் மறந்துவிட்டார்.

மூன்று நாள் கருத்தரங்கு, கைதட்டல், பாராட்டு. அதே ஊரில் அக்கா வீடு. வந்தது வந்தாய் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ என்று அக்கா பிடித்துக்கொண்டாள். மேடமும் காலை நீட்டிச் சாப்பிட்டுத் தூங்கி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்தார். வந்து பதிவேட்டை எடுத்துக் கூப்பிட்டபோது, முப்பத்தேழு என்றார். பதில் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் வகுப்பே தன்னை வெறித்துப் பார்க்கிறது. திக்கும் பெண்தான் எழுந்தாள். "மே... மேடம், நீங்க இன்னும் 'வா'ன்னு சொல்லலையே மேடம். நா... நாங்க யாரும் பேசவே இல்ல. நேத்து அவன் பெட்டியைத் தூக்கிட்டுப் போய்ட்டான்."

அந்தப் பிள்ளைகள் அவ்வளவு ஒழுங்கு. வகுப்பில் மட்டுமா, விடுதியிலும் ஒருத்தர் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் உப்பு கேட்டால் உப்பு நகர்ந்து வரும், பதில் வராது. காய்ச்சலாகப் படுத்தபோது மாத்திரையும் தண்ணீரும் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தன, கொண்டுவந்து வைத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. மேடம் காரணமில்லாமல் எதையும் செய்ய மாட்டார் என்று அவ்வளவு நம்பிக்கை. பதினோரு நாள்!

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில், 'ஐயோ, மறந்துட்டேன்' என்று மேடம் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மேடத்தின் வாயிலிருந்து வந்தது வேறு. "அவனுக்கு ஒரு நாள் போதாதுன்னு தோணுச்சு. அதான் நீட்டிச்சேன்" என்றார். பிள்ளைகள் நம்பினார்கள். வகுப்புச் செயலாளர் குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டாள்.

அவன் திரும்பி வரவே இல்லை. அலுவலகத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதிக் கோப்பைக் கட்டிவிட்டார்கள். மேடம் அதற்கப்புறம் ஒருத்தருக்கும் மௌன நாள் போடவில்லை. ஆனால் அவன் உயிரோடு இருக்கிறானா என்று விசாரிக்கவும் இல்லை. விசாரிக்கப் போய், 'அவனா? அவன் அப்பவே போய்ச் சேர்ந்துட்டானே' என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்த ஒரு பயத்திலேயே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. செத்தவனும் இல்லை, இருப்பவனும் இல்லை. முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் எழுந்து நின்றுகொண்டே இருந்தான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அன்றாட அகிம்சையை எல்லாத் துறைகளுக்கும் கட்டாயப் பாடமாக்குவது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்துவிட்டது. இந்தப் பாடத்தைக் கவனிக்கும் மையத்தின் இயக்குநர் சுறுசுறுப்பான மனிதர். பழைய குறிப்பேடுகளை எல்லாம் தோண்டியெடுத்து ஒரு கையேடே தயாரித்துவிட்டார். அச்சுக்குப் போவதற்கு முன்னால் மேடம் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை மேசைக்கு வந்த அந்தத் தாள்களில் நான்காம் அத்தியாயம் மௌன நாள். அதில் ஒரு வரி: 'அவசியம் ஏற்படின் பதினோரு நாட்கள் வரை நீட்டிக்கலாம். இம்முறை நமது வளாகத்திலேயே கையாளப்பட்டு நற்பயன் கண்டுள்ளது.'

மேடம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தார். தாள்களைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், இந்தப் பதினோரு நாள் வேண்டாம் சார்."

"ஏன் மேடம்? உங்க முறைதானே? செயலாளர் தெளிவா எழுதியிருக்காளே, நீங்களே யோசிச்சு நீட்டிச்சதா."

"அந்தப் பையன் படிப்பை விட்டுட்டுப் போய்ட்டான் சார்."

"வருஷத்துக்கு நூறு பேர் விட்டுட்டுப் போறாங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வரியை எடுத்தா கையேட்டுல அட்டைதான் மிஞ்சும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கெட்டவர் இல்லை, வேலை ஓட வேண்டும் அவருக்கு. "அவனுக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"வேற காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, இப்பவே அடிச்சுடறேன்."

மறந்துட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். "வேற ஒண்ணும் இல்ல சார்" என்றார் மேடம்.

"வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம். அச்சகத்துல மெஷினைக் காலியா வச்சுட்டு உக்காந்திருக்காங்க. அன்னிக்கு கையெழுத்து வரலைன்னா இந்த வருஷம் பாடமே கிடையாது, பார்த்துக்குங்க. எட்டாயிரம் பிள்ளைங்க மேடம்!" என்றார் இயக்குநர்.

எட்டாயிரம். அன்றைக்கு வளாகத்தில் நடந்து போகும்போது மேடத்துக்கு எதிரே வந்த முகமெல்லாம் அவன் முகமாகவே தெரிந்தது. சிற்றுண்டிக் கூடத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேடம் போய், "ஏம்மா, யாரும் உன்கூடப் பேசலையா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, "என்ன மேடம்?" என்றாள். மேடம் அசடு வழிந்துகொண்டு நகர்ந்தார்.

வியாழக்கிழமை பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருக்கும் எழுத்தர் ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் இருக்கிற ஆள், நாக்கில் நக்கல் ஜாஸ்தி. வருடத்தையும் எண்ணையும் சொன்னதும் உள்ளே போய்க் குடைந்துவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க ஆளு செத்ததுல இருக்கான் மேடம்."

மேடம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எப்... எப்ப?"

"எப்பவா? பன்னெண்டு வருஷமா அங்கதான் கெடக்கான்." எழுத்தர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறினார். "ஐயையோ, மேடம்! படிப்பை முடிக்காமப் போனவங்க கோப்புகளையெல்லாம் நாங்க செத்த கட்டுன்னு சொல்லுவோம். கோப்புதான் செத்தது மேடம், ஆள் இல்ல! தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க."

மேடம் தண்ணீரைக் குடித்தார். தூசி படிந்த கட்டைப் பிரித்தார். விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'மூக்குக் கண்ணாடிக் கடை' என்று எழுதியிருந்தது. விலாசம் ரெண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு ஊர். இவ்வளவுதானா தூரம் என்று மேடத்துக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பை முடித்துவிட்டு, கையேட்டுத் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார். வழி முழுக்க ஒரே வேண்டுதல்: உயிரோடு மட்டும் இருடா, காறித் துப்பினாலும் பரவாயில்லை. கடைத்தெருவில் ஒரு பூட்டுக் கடைக்கும் ஒரு துணிக்கடைக்கும் நடுவில் அந்தக் கண்ணாடிக் கடை இருந்தது. உள்ளே ஒருவன் குனிந்து, சுற்றுகிற கல்லில் கண்ணாடி வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முன்னந்தலை கொஞ்சம் வழுக்கை. மேடம் வாசற்படியில் நின்றபடியே பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உதட்டைக் கடிக்கிற அந்தப் பழக்கம். அவனேதான்.

இருக்கிறான்! உயிரோடு இருக்கிறான்! மேடத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவன் நிமிர்ந்தான். ஒரு நொடி பார்த்தான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "மேடம்! அமைதி மேடமா? வாங்க, வாங்க. இங்க உக்காருங்க."

கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார வைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினான். குரலில் அதே கரகரப்பு. கோபத்தின் சாயல்கூட இல்லை. மேடம் தயார் செய்துகொண்டு வந்த மன்னிப்பெல்லாம் இந்த உபசாரத்தில் சிதறிப்போய்விட்டது.

எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை மாட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு குட்டி ஸ்டூலில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று மத்தியானமே பள்ளி விட்டு வந்த சீருடையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உன் பொண்ணா? ஏ குட்டி, இங்க வா. என்ன கிளாஸ் படிக்கற?" என்றார் மேடம்.

குழந்தை மேடத்தைப் பார்த்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. பதில் பேசவில்லை.

"அவகிட்டப் பேசாதீங்க மேடம்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே, ஒரு பெருமையோடு. "மௌன நாள்."

"என்னது?"

"ஃபிரேம் ஒண்ணைக் கீழ போட்டு உடைச்சுட்டா. அது பரவாயில்ல, குழந்தைதானே. ஆனா தான் உடைக்கலைன்னு பொய் சொல்லிட்டா. இன்னிக்கு மூணாவது நாள். நான், அவ அம்மா, யாரும் பேசறதில்ல. நேரத்துக்கு சாப்பாடு, பள்ளிக்கூடம், எல்லாம் உண்டு. ஏழு நாள் போட்டிருக்கேன்."

"ஏழு நாளா? குழந்தைப்பா அது!"

"நான் பதினொண்ணு தாங்கலையா மேடம்? இவ ஏழு தாங்கட்டும்." அவன் மேடத்துக்கு எதிரே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "எங்கப்பா என்னை பெல்ட்டால அடிப்பாரு. முதுகுல இன்னும் தழும்பு இருக்கு. நான் இவமேல ஒரு விரல் வச்சதில்ல. குரலை உசத்தினதுகூட இல்ல. எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்தது. தெருவுல யாரைவேணா கேட்டுப் பாருங்க, என்னை மாதிரி ஒரு அப்பா இல்லைன்னுதான் சொல்லுவாங்க."

"நீ... ஏம்ப்பா திரும்பி வரவே இல்ல?"

"நீங்கதான் 'வா'ன்னு சொல்லலையே மேடம்" என்றான் அவன் சாதாரணமாக. "மொதல்ல ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அஞ்சாவது நாள் என் குரல் எனக்கே சந்தேகமாயிடுச்சு. நெஜமா இருக்கோமா, இல்ல செத்துட்டோமா, அதான் யாருக்கும் கேக்கலையான்னு. கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாப்பேன். ஊருக்குப் போறப்ப வழியில ரயில் பாலத்துல இறங்கி நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன். எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன்." அவன் கையில் இருந்த வில்லையைத் துணியால் துடைத்தபடி சொன்னான். "அப்புறம்தான் என் அறையில இருந்தவன் கடிதம் போட்டான். மேடம் வேணும்னுதான் நீட்டிச்சாங்களாம், உனக்கு ஒரு நாள் போதாதுன்னு அவங்களே சொன்னாங்கன்னு. அதைப் படிச்ச பிறகுதான் மேடம் எனக்கு சாப்பாடே இறங்குச்சு. எங்க வீட்ல எனக்காக ஒருத்தரும் ஒரு நிமிஷம் யோசிச்சதில்ல. நீங்க பதினோரு நாள் என்னைப் பத்தி யோசிச்சிருக்கீங்களே!"

இந்த மாதிரி ஒரு நன்றியை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது.

"குழந்தையை விட்டுடுப்பா. போதும்" என்றார் மேடம்.

"நீங்க சொன்னா சரி மேடம். இப்பவே நிறுத்திடறேன்."

எவ்வளவு சுலபம்! மேடம் யோசித்தார். அவன் 'வா' என்று சொல்வான், குழந்தை ஓடி வரும், தான் பேருந்து ஏறிவிடலாம். அவன் இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று இயக்குநரிடம் சொல்லிக் கையெழுத்துப் போடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அடுத்த மாதம் குழந்தை இன்னொன்றை உடைக்கும். இன்னொரு ஏழு நாள். பிறகு ஒன்பது. பிறகு எட்டாயிரம் பேர், அந்த எட்டாயிரம் பேருக்கும் பிறக்கப் போகும் பிள்ளைகள். அந்தக் குட்டி ஸ்டூலைப் பார்க்கப் பார்க்க மேடத்துக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"தம்பி, நான் உன்னைப் பத்தி யோசிக்கல" என்றார்.

"என்ன மேடம்?"

"பதினோரு நாள்ல ஒரு நாள்கூட யோசிக்கல. செவ்வாய்க்கிழமை உனக்கு 'வா' சொல்லணும். ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன். மறந்துட்டேன். எங்கக்கா வீட்ல சாப்ட்டுத் தூங்கிட்டு இருந்தேன். திரும்பி வந்தப்ப, மறந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் வேணும்னு நீட்டிச்சேன்னு பொய் சொன்னேன்."

அவன் துடைப்பதை நிறுத்தினான்.

"மறந்துட்டீங்களா?"

"ஆமாப்பா."

"பதினோரு நாளும்?"

"ஆமா."

"நான் பாலத்துல நின்னப்ப..."

"நீ இருக்கறதே எனக்கு ஞாபகம் இல்ல."

அவன் எழுந்தான். கையிலிருந்த வில்லை விழுந்து உடைந்தது. முகம் கோணிக்கொண்டு போயிற்று. பன்னிரண்டு வருடமாக உயராத குரல் உயர்ந்தது. துணிக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு உயர்ந்தது. "மறந்துட்டியா? மறந்துட்டியா நீ? அதை வச்சு நான்... அதை வச்சு என் புள்ளையை... வெளிய போ! எந்திரிச்சு வெளிய போடீ!"

மேசையை ஓங்கிக் குத்தினான். ஃபிரேம்கள் எல்லாம் குதித்தன. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. வாய் தானாகத் திறந்து, "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது.

மேடம் எழுந்து வெளியே போனார். யாரும் தன்னை அந்த மாதிரி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வலித்தது. சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான் என்றும் இருந்தது. தெருவில் நல்ல வெயில். பைக்குள் போன் அடித்தது. இயக்குநர்.

"மேடம், எங்க இருக்கீங்க? அச்சகத்துக்காரர் என் தலைமேல உக்காந்திருக்காரு."

"சார், அந்தப் பதினோரு நாள் நான் யோசிச்சு நீட்டிச்சது இல்ல. மறந்துட்டேன். மறந்ததை மறைச்சுப் பொய் சொன்னேன். பையன் சாகப் பாத்திருக்கான். மௌன நாளே வேண்டாம் சார், அந்த அத்தியாயத்துல நான் செஞ்சதை அப்படியே எழுதிப் போடுங்க. பதினோரு நாள்ங்கற வரியோட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"இதை வெளிய சொன்னா பாடம் போய்டும் மேடம். உங்க வேலைக்கும் ஆபத்து. புரிஞ்சுதான் பேசறீங்களா?"

"புரிஞ்சுதான் சார். திங்கக்கிழமை பிள்ளைங்ககிட்ட நானே சொல்லிடுவேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். கடையின் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே அவன் தரையில், உடைந்த வில்லைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். குழந்தை அவன் மடியில் ஏறிக்கொண்டு, மூன்று நாள் பேச்சையும் ஒரே மூச்சில் கொட்டிக்கொண்டிருந்தது. மிஸ் ஸ்டார் போட்டாங்க, பக்கத்து பெஞ்சுப் பையன் தண்ணி பாட்டிலைத் திருடிட்டான், வயிறு வலிச்சுது, கனவுல நாய் துரத்துச்சு. அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

குழந்தை வாயை அகலத் திறந்து, முன்னால் இருந்த ஓட்டையை விரலால் தொட்டுக் காட்டியது.

"பல்லு விழுந்துடுச்சுப்பா. முந்தாநேத்தே விழுந்துடுச்சு. ரத்தம் வந்துச்சு. நீ பேச மாட்டேல்ல, அதான் நானே துடைச்சுக்கிட்டேன்."

அவன் குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். மேடம் அதற்கு மேல் அங்கே நிற்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்து, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.